மேக்னம் ரிவால்வருக்கும் லீவர் ரைஃபிளுக்கும் ஒரே வெடிமருந்து போதுமா?

கருங்கல்_டெக்சாஸ்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல், பத்து வருடமாக டெக்சாஸில் சான் அன்டோனியோ பக்கம் இருக்கிறேன். அம்மாவைப் பார்க்க ஒரு மாத லீவில் வந்திருக்கிறேன், வந்த நாளிலிருந்து மழை விடவில்லை, திண்ணையில் உட்கார்ந்து ரீலோடிங் (சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புவது) கையேடுகளைப் போனில் படித்துக்கொண்டே இருக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. நம் மாவட்டத்து ஆட்கள் சிலர் அமெரிக்காவில் தோட்டாவைத் தாங்களே நிரப்பிச் சுடுகிறார்கள் என்று இங்கே முன்பு ஒரு பேச்சில் பார்த்த ஞாபகம், அதனால் கேட்கிறேன்.

என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று .357 மேக்னம் ரிவால்வர், 4 அங்குலக் குழல். இன்னொன்று அதே .357 தோட்டா போகிற லீவர் ரைஃபிள் (கைப்பிடி லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது), குழல் 18.5 அங்குலம். ரிவால்வரில் மாதம் 150, 200 தோட்டா தாளில் சுடுவேன். ரைஃபிள் காட்டுப்பன்றிக்கு. நண்பருடைய பண்ணையில் சோளக்காட்டை ஒரே இரவில் உழுது போட்டதுபோல் ஆக்கிவிடுகின்றன, குலசேகரத்தில் மாமா விளையில் மரச்சீனிக் கிழங்கைத் (மரவள்ளி) தோண்டிப் போடுவது மாதிரியேதான். கடைத் தோட்டா விலை இனிமேல் கட்டாது. பிரஸ், டை (கூட்டைச் சீராக்கிக் குண்டை வைக்கும் அச்சு), தராசு எல்லாம் வாங்கியாயிற்று, சுட்ட வெறுங்கூடு ஆயிரத்துக்கு மேல் சேர்த்துக் கழுவி வைத்திருக்கிறேன். மருந்து மட்டும் இன்னும் வாங்கவில்லை.

கடையில் ஒருவர் எச்-110 என்கிற மருந்தை வாங்கு, மேக்னத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றார். பக்கத்தில் நின்றவர், டைட்குரூப் வாங்கினால் ஒரு தோட்டாவுக்குக் கொஞ்சம்தான் செலவாகும், ஒரு பவுண்டில் 7,000 கிரெயின், கணக்குப் போட்டுப் பார் என்றார். சுட்டுப் பழகும் ரேஞ்சில் ஒரு வயதானவர் தன் அப்பா காலத்திலிருந்து எல்லாவற்றுக்கும் யூனிக்தான் என்கிறார். எனக்கு ஒரே மருந்தில் இரண்டையும் முடிக்க ஆசை. எச்-110 வாங்கி, ரைஃபிளுக்கு முழு அளவும், ரிவால்வரில் பழகுவதற்குப் பாதி அளவும் போட்டால் ஆகுமா?

வேளிமலை:

தம்பி, கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாதி போடாதே. மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம், இதில் மட்டும் பேச்சே இல்லை.

எச்-110 விற்கிற ஹாட்ஜ்டன் நிறுவனமே தங்கள் அட்டவணையில் உள்ள அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று சொல்கிறது. வேறு மருந்துகளில் உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவதுதான் பொதுப் பழக்கம், அந்தப் பழக்கத்தை இதில் கொண்டுவரக் கூடாது. அது நெருக்கமாக நிரம்பிய கூட்டில், மேக்னம் பிரைமரோடு (பிரைமர் என்பது கூட்டின் அடியில் இருக்கிற, அடித்ததும் தீப்பொறி விடுகிற சிறு மூடி), வாயைக் குண்டின்மேல் மடித்து இறுக்கமாக கிரிம்ப் செய்த தோட்டாவில் மட்டும்தான் ஒழுங்காக எரியும். குறைத்தால் பற்றாமல் போகலாம், பாதி எரிந்து அணையலாம், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். டபிள்யூ-296 என்று இன்னொரு டப்பா பார்த்திருப்பாய், அதுவும் இதேதான். இரண்டும் ஃபுளோரிடாவில் ஒரே ஆலையில் வருகிற ஒரே மருந்து. பெயர் வேறாக இருப்பதால் இது கொஞ்சம் மெதுவாக இருக்கும் என்று நினைத்து ஏமாறாதே.

சரி, இப்போது உன் கேள்விக்கு. நம் வீட்டு அடுப்பை நினைத்துக்கொள். சில்லாட்டை (தென்னை மட்டையின் அடியில் இருக்கிற வலைநார்) வைத்தால் குப்பென்று பற்றி முடிந்துவிடும். சிரட்டை வைத்தால் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், பிடித்தபின் நின்று எரியும். துப்பாக்கி மருந்திலும் அந்த வித்தியாசம்தான் எல்லாம். புல்ஸ்ஐ, டைட்குரூப், 231 எல்லாம் சில்லாட்டை. யூனிக், யுனிவர்சல் நடுவில். 2400, அக்யூரேட் 9, ஐஎம்ஆர் 4227, எச்-110 எல்லாம் சிரட்டைப் பக்கம்.

4 அங்குலக் குழலில் குண்டு வெளியே போக எடுக்கிற நேரம் மிகக் குறைவு, அதோடு சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் வாயு கொஞ்சம் கசியும். வேகமான மருந்து அதற்குள் தன் வேலையை முடித்துவிடும். மெதுவான மருந்து முடித்திருக்காது, மிச்சம் வாய்க்கு வெளியே பெரிய தீப்பந்தாக எரியும், சத்தமும் அடிவயிற்றில் இறங்கும். அதே தோட்டாவை 18.5 அங்குலக் குழலில் போட்டால் அந்த மிச்சமெல்லாம் குண்டைத் தள்ளுகிறது. என் கையில் 158 கிரெயின் குண்டோடு முழு அளவு எச்-110 ரிவால்வரில் வினாடிக்கு 1,200 அடி சில்லறை வந்தது, அதே பெட்டித் தோட்டா ரைஃபிளில் 1,700ஐத் தாண்டியது. வேகமான மருந்து போட்ட தோட்டாவில் இந்த ஏற்றம் இதில் பாதிகூட வராது. ஆகவே ரைஃபிளுக்கு மெதுவான மருந்து என்று கடைக்காரர் சொன்னது தப்பில்லை. அவர் உன் மாதம் 200 தோட்டாவைக் கேட்கவில்லை, அதுதான் குறை.

நீ சுடுவதில் பத்தில் ஒன்பது தாளில். அதற்கு முழு மேக்னம் எதற்கு? கை நோகும், கண் இமை தானாக மூடும், அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிறகு மாற்ற வருடக்கணக்காகும். என் யோசனை, இரண்டு மருந்து வாங்கு. பழகுவதற்கு யூனிக் மாதிரி நடுவான ஒன்று, பன்றிக்கு எச்-110. இரண்டையும் ஒரே நாளில் மேஜைமேல் வைக்காதே. ஒன்றை முடித்து, மருந்து ஊற்றும் குடுவையைக் காலி செய்து, மிச்சத்தை அதன் சொந்த டப்பாவில் ஊற்றி மூடி, அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்தது வெளியே வர வேண்டும்.

அளவு எத்தனை கிரெயின் என்று நான் இங்கே எழுத மாட்டேன். வேறு யாராவது எழுதினாலும் எடுக்காதே. ஒரே எடைக் குண்டாக இருந்தாலும் நீளம் மாறினால் உள்ளே மிஞ்சும் இடம் மாறும், இடம் மாறினால் அழுத்தம் மாறும். மருந்துக் கம்பெனியின் இந்த வருட அட்டவணை, குண்டுக் கம்பெனியின் கையேடு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், அதில் சிறிய அளவிலிருந்து தொடங்கு.

திருவட்டாறு_அக்கா:

தம்பி, நான் ஓஹையோவில் இருக்கிறேன், ஒன்பது வருடமாக நிரப்புகிறேன். வேளிமலை அண்ணன் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் வருடத்தில் இரண்டு மருந்து வேண்டாம். ஒன்றே ஒன்று வாங்கு, அது 2400ஆக இருக்கட்டும்.

காரணத்தை என் கதையிலிருந்து சொல்கிறேன். தொடங்கிய புதிதில் நானும் அந்த ஒரு பவுண்டு கணக்கைப் போட்டு, வேகமான மருந்து ஒன்றை வாங்கினேன். ஒரு தோட்டாவுக்கு விழுவது சிட்டிகை அளவு. .357 கூடு ஆழமானது, அந்தச் சிட்டிகை அடியில் எங்கேயோ கிடக்கும். ஐம்பது கூட்டைத் தட்டில் நிறுத்தி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று, பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை ரேஞ்சில் நாலாவது குண்டு ‘டப்’ என்று கதவு தட்டின மாதிரி ஒரு சத்தம், கையில் உதையே இல்லை. தாளில் ஓட்டை விழவில்லை என்பதைப் பார்த்தும் விரல் அடுத்ததை இழுக்கப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து நிறுத்தினார். குழலுக்குள் பாதி வழியில் குண்டு நின்றிருந்தது. மருந்தே விழாத கூடு, பிரைமர் ஒன்றே அதை அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது. அடுத்த குண்டு அதன்மேல் போய் மோதியிருந்தால் குழல் பிளந்திருக்கும். அன்றைக்கு மீதி 46 தோட்டாவையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதில் ஒன்றில் இரண்டு தடவை மருந்து விழுந்திருந்தது. அதைப் பார்த்தபிறகு ஒரு மாதம் அந்த மேஜைப் பக்கமே போகவில்லை.

அதனால் மருந்து தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கிற அளவுகோல் வேகமோ விலையோ கிடையாது. ஊற்றின பிறகு கூட்டுக்குள் என் கண்ணுக்குத் தெரிகிறதா? தப்பாக இரண்டு தடவை ஊற்றினால் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்குமா? மேக்னம் அளவில் 2400 கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும், இரண்டாவது தடவை ஊற்றினால் மேஜையெல்லாம் சிந்தும், சிந்தினால் தெரிந்துவிடும். யூனிக்கும் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை, இருந்தாலும் .357 கூட்டில் இரண்டு மடங்கு உள்ளே போய்விடும், வழியாது. டைட்குரூப்பில் மூன்று மடங்கே போகும்.

இன்னொன்று, 2400 எச்-110 போல அடம்பிடிக்காது. கையேட்டில் சிறிய அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவில் அகலமான இடம் கொடுத்திருப்பார்கள், சிறிய அளவுப் பக்கம் ரிவால்வருக்கு மிதமாக இருக்கும், ரைஃபிளில் அதுவே நன்றாகப் போகும். பல கையேடுகளில் அதற்குச் சாதாரண பிஸ்டல் பிரைமர்தான், அப்படி இருந்தால் மேக்னம் பிரைமர் தேட வேண்டாம். எரியாத மஞ்சள் துணுக்குகள் குழலில் மிஞ்சும், துடைத்தால் போகும், அதற்காகப் பயப்படாதே.

போனை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் இப்போது உட்காருகிறேன். ஊற்றின தட்டை மேலிருந்து விளக்கடித்து வரிசை வரிசையாகப் பார்க்காமல் ஒரு குண்டும் வைப்பதில்லை.

கருங்கல்_டெக்சாஸ்:

அக்கா, படித்ததும் கை ஜில்லென்று ஆகிவிட்டது. ஒரு பவுண்டில் எத்தனை தோட்டா வரும் என்ற கணக்கை இத்தோடு விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. குறைவாகப் போட்டால் மெதுவாகத் தள்ளும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? எச்-110 மட்டும் ஏன் குறைத்தால் அணைந்துபோகிறது?

இரணியல்_பெரியவர்:

மகனே, இதை நான் சொல்கிறேன். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஃபாக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது இரணியலில் இருக்கிறேன். 1903இல் தொடங்கின ஆலை அது, வெள்ளைக்காரன் பீரங்கிக்கும் ரைஃபிளுக்கும் புகையில்லா மருந்து செய்யக் கட்டினது. நான் தோட்டா நிரப்பினவன் இல்லை, நீங்கள் சொல்கிற டப்பாப் பெயர்களும் எனக்குப் பழக்கமில்லை, மருந்து எப்படி எரியும் என்பது மட்டும் தெரியும்.

பழைய கரிமருந்தை எடுத்துக்கொள். இங்கே பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறதே, குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் மார்த்தாண்டவர்மாவுக்காகப் பீரங்கி வார்த்த இடம், அந்தக் காலம் முழுக்கக் கரிமருந்துதான். அதைத் திறந்த இடத்தில் பற்றவைத்தாலும் சட்டென்று போகும், அடைத்துப் பற்றவைத்தாலும் சட்டென்று போகும். அழுத்தத்தால் அதன் எரியும் வேகம் பெரிதாக மாறுவதில்லை.

புகையில்லா மருந்து அப்படி இல்லை. 1884இல் பிரான்சில் வியே என்பவர் நைட்ரோசெல்லுலோஸை வைத்து முதலில் செய்தார், 1887இல் நோபல் அதோடு நைட்ரோகிளிசரின் சேர்த்து பாலிஸ்டைட் செய்தார், 1889இல் இங்கிலாந்தில் கார்டைட் வந்தது. இந்த வகையெல்லாம் திறந்த வெளியில் பற்றினால் சோம்பலாக மஞ்சள் சுவாலை விட்டு எரியும். அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும், வேகம் ஏறினால் மறுபடி அழுத்தம் ஏறும். ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு போகிற விஷயம் இது. அதனால்தான் கொஞ்சம் கூடினாலும் பெரிய வித்தியாசம் வருகிறது.

இனி மெதுவான மருந்துக்கு வா. மருந்துக் கம்பெனிக்காரன் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு வழி வைத்திருக்கிறான். ஒன்று மணியின் வடிவம். மெல்லிய தகடாகச் செய்தால் மேற்பரப்பு அதிகம், சீக்கிரம் எரியும். உருண்டை மணியாகச் செய்தால் எரிய எரிய மேற்பரப்பு சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் துளையிட்ட குச்சியாகச் செய்தால் வெளியே சுருங்குகிற அளவுக்கு உள்துளை அகலும், மேற்பரப்பு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இரண்டாவது வழி பூச்சு. மணியின் வெளிப்பக்கம் எரிவதைத் தணிக்கிற ஒரு பொருளை ஏற்றி வைப்பான். உருண்டை மணி முதலில்தானே அதிக மேற்பரப்போடு இருக்கும், அப்போது பாய்ந்து எரியாமல் பூச்சு பிடித்து நிறுத்தும்.

நீங்கள் சொல்கிற எச்-110 அப்படிப் பூச்சு ஏற்றின உருண்டை மருந்து என்றால் விஷயம் தெளிவு. அந்தப் பூச்சைத் தாண்டி நெருப்பு உள்ளே போக நல்ல சூடும் நல்ல அழுத்தமும் வேண்டும். கூடு நிரம்பி, குண்டு இறுக்கிப் பிடித்திருந்தால் பிரைமர் அடித்ததும் அந்த அழுத்தம் வந்துவிடும். பாதிக் கூடு காலியாக இருந்தால் நெருப்பு அந்த வெற்றிடத்தில் பரவிப்போகும், அழுத்தம் எழும்புமுன் குண்டு நகர்ந்துவிடும், நகர்ந்தால் இடம் இன்னும் கூடும், அழுத்தம் இன்னும் விழும், மருந்து அணையும். ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைக்கிற மாதிரி, ஊதுவதை நிறுத்தினால் புகைதான்.

கூடு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றும் கேட்கத் தோன்றும். இந்த .357 எதிலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். .38 ஸ்பெஷல் என்பது 1898இல் முதலில் கரிமருந்து போட்டு வந்த தோட்டா என்கிறார்கள். கரிமருந்து நிறைய இடம் கேட்கும். அந்தக் கூட்டைத்தான் நீட்டி 1935இல் மேக்னம் ஆக்கியிருக்கிறார்கள். சிட்டிகை மருந்து அடியில் காணாமல் போவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

வேளிமலை:

ஐயா, நன்றி. பதினைந்து வருடமாக இதைச் செய்கிறேன், குறைக்காதே என்று மனப்பாடமாகத்தான் தெரியும், காரணம் இன்றைக்குத்தான் புரிந்தது.

நீட்டியது பற்றி ஒரு வார்த்தை. மேக்னம் கூடு .38 கூட்டைவிட 3.4 மில்லிமீட்டர்தான் கூடுதல் நீளம், இடத்துக்காக என்பதைவிட மேக்னம் தோட்டா பழைய .38 துப்பாக்கிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்தது. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கிற உச்ச அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357க்கு 35,000. கார் டயரில் 32தான் அடிக்கிறோம்.

தம்பி, அக்கா சொன்னபடி 2400 ஒன்றோடு தொடங்குவதானால் நான் மறுக்கவில்லை. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஒரே குண்டு, ஒரே அளவு, ஒரே பிரைமர் என்று ஆறு மாதம் ஓட்டு. தோட்டா பெட்டி மாறிப்போகிற பயமும் அப்போது இருக்காது. எச்-110 எங்கும் ஓடிப்போகாது.

மருந்தைவிட நீ இன்னும் கேட்காத ஒன்று குண்டு. லீவர் ரைஃபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், பின்னால் உள்ளதன் மூக்கு முன்னால் உள்ளதன் பிரைமரில் முட்டிக்கொண்டு. கூர்மூக்குக் குண்டு போட்டால் உதையில் அது ஊசியாக வேலை செய்து குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். மூக்கு தட்டையாக இருக்க வேண்டும், அல்லது லீவருக்கென்றே மென்மையான பிளாஸ்டிக் நுனியோடு செய்தது. ரிவால்வருக்கும் தட்டைமூக்கு ஒத்துப்போகும், 158 கிரெயினில் ஒரே குண்டை இரண்டிலும் வைக்கலாம்.

பழகுவதற்கு மலிவாக இருக்கிறதென்று செம்புப் பூச்சு ஈயக்குண்டு வாங்குவாய், எல்லோரும் வாங்குகிறோம். சாதாரணப் பூச்சுக்குண்டுக்கு அதன் தயாரிப்பாளர்கள் சொல்கிற எல்லை வினாடிக்கு 1,250 அடி அளவில். ரிவால்வரில் அதற்குள் நிற்கிற தோட்டா ரைஃபிளில் எகிறிப் போய்விடும், பூச்சு உரிந்து குறி எங்கேயோ போகும், குழலில் ஈயம் அப்பும். எனவே ரைஃபிளிலும் சுடப்போகிறாய் என்றால் முழுச் செம்புச் சட்டை போட்ட குண்டு வாங்கு, அல்லது அடியில் செம்புக் கிண்ணம் வைத்த ஈயக்குண்டு.

கிரிம்ப் இரண்டுக்கும் கட்டாயம். ரிவால்வரில் உதையால் குண்டு முன்னால் நழுவி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளும். லீவரில் குழாயின் ஸ்பிரிங் குண்டை உள்ளே அழுத்தும், உள்ளே போனால் இடம் சுருங்கும், பெரியவர் சொன்ன கணக்குதான், அழுத்தம் ஏறும். குண்டின் இடுப்பில் இருக்கிற வெட்டுக்கோட்டில் கூட்டின் வாய் மடிந்து உட்காரட்டும். கூடுகளை ஒரே நீளத்துக்கு வெட்டாமல் விட்டால் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் வரும்.

ஒரு எச்சரிக்கையும். புளூ டாட் என்கிற மருந்தை யாராவது தந்தால், .357இல் 125 கிரெயின் குண்டோடு அதைப் போடாதே என்று அதன் தயாரிப்பாளர் அல்லயன்ட்டே அறிவித்திருக்கிறது. பழைய கையேடுகளில் அந்த அளவு இன்னும் அச்சில் இருக்கும். இந்த வருட அட்டவணையைப் பார் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

குலசேகரம்_ரப்பர்:

நான் ஊரில்தான் இருக்கிறேன் அண்ணன்மாரே. பன்றித் தொல்லை இங்கேயும் தாங்க முடியவில்லை. இதெல்லாம் படிக்கும்போது இங்கே நம்மாலும் செய்ய முடியுமா என்று தோன்றுகிறது.

இரணியல்_பெரியவர்:

வேண்டாம் மக்களே. உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், பன்றியைச் சுடுவதும் நாமாக முடிவெடுத்துச் செய்கிற காரியம் இல்லை, வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். பயிர்ச்சேதத்துக்கு ஃபோட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடு. இந்தப் பேச்சு அமெரிக்காவில் சட்டப்படி செய்கிறவர்களுக்கு.

கருங்கல் தம்பி, உனக்கும் ஒன்று. மருந்தும் பிரைமரும் விமானத்தில் எந்தப் பையிலும் போகாது, அது உனக்குத் தெரிந்திருக்கும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை மட்டும் ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதே. ஓரத்தில் ஒரு தோட்டா மறந்து கிடந்து திருவனந்தபுரத்தில் ஸ்கேனரில் தெரிந்தால், தெரியாமல் வந்தது என்று சொன்னாலும் வழக்கில் இழுபட வேண்டிவரும், லீவு முழுக்க ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடக்கத்தான் சரியாக இருக்கும்.

கருங்கல்_டெக்சாஸ்:

ஐயா, இதைப் படித்தவுடன் எழுந்துபோய் என் பைகளை ஒருமுறை கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பையைத்தான் கிட்டத்தட்ட எடுத்து வந்திருப்பேன்.

முடிவு செய்துவிட்டேன். 2400, 158 கிரெயின் தட்டைமூக்குச் செம்புச் சட்டைக் குண்டு, சாதாரணச் சிறிய பிஸ்டல் பிரைமர், இவ்வளவுதான். இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. மருந்தை எங்கே வைப்பது, கராஜில் கோடையில் அடுப்பு மாதிரி சுடும். அப்புறம் அடுத்த வருடம் .30-30 லீவர் ஒன்று வாங்கும் ஆசை, 2400 அதற்கும் ஆகுமா?

வேளிமலை:

.30-30க்கு ரைஃபிள் மருந்து வேண்டும், ஐஎம்ஆர் 3031, எச்-4895, லீவரெவல்யூஷன் இந்த மாதிரி. அதை வாங்கும் நாளில் வந்து கேள், அது தனிப் பேச்சு. கூடு வடிவமே வேறு, 1895இல் புகையில்லா மருந்துக்கென்றே வந்த தோட்டா அது.

கராஜ் வேண்டாம். வீட்டுக்குள் குளிர்ச்சியான, ஈரமில்லாத, தண்ணீர் சூடாக்கும் பாய்லர் பக்கம் இல்லாத ஒரு அலமாரி. அமெரிக்கத் தீத்தடுப்பு விதியில் 20 பவுண்டு வரை வீட்டில் வைக்கலாம், அசல் டப்பாவிலேயே இருக்க வேண்டும். தொடக்கத்துக்கு உனக்கு ஒரு பவுண்டு போதும். பிரைமர் இன்னொரு அலமாரியில்.

இரணியல்_பெரியவர்:

அசல் டப்பாவை மாற்றக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நைட்ரோசெல்லுலோஸ் தானாக மெல்ல மெல்லச் சிதையும், அதைத் தடுக்க டைஃபினைலமைன் மாதிரி ஒன்றைக் கலந்திருப்பார்கள். சூட்டில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். டப்பாவைத் திறக்கும்போது புளித்த அமில வாடை மூக்கில் ஏறினாலோ, செம்பழுப்பாகத் தூள் படிந்திருந்தாலோ அதைச் சுடப் பயன்படுத்தாதே, வீட்டிலும் வைக்காதே. நல்ல மருந்துக்கு ஈதர், ஸ்பிரிட் மாதிரி லேசான வாசம் இருக்கும். டப்பாவை வாங்கின தேதியை மேலே எழுதி ஒட்டிவிடு.

திருவட்டாறு_அக்கா:

தராசைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். வாங்கிய டிஜிட்டல் தராசோடு எடைக்கட்டி வந்திருக்கும், உட்காரும் ஒவ்வொரு நாளும் முதலில் அதை வைத்துப் பார். பக்கத்தில் மின்விசிறி ஓடினாலே அரை கிரெயின் ஆடும். முதல் பத்துத் தோட்டா மட்டும் செய், ஐம்பது வேண்டாம். ஒன்று சுட்டு, கூடு எளிதாக வெளியே வருகிறதா, பிரைமர் நசுங்கித் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்து, அடுத்தது. சத்தம் சன்னமாகக் கேட்டால் நிறுத்திவிட்டு, துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடு. எப்போது செய்கிறாய் என்று இங்கே எழுது தம்பி, அன்றைக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.

கருங்கல்_டெக்சாஸ்:

இருபத்தாறாம் தேதி கிளம்புகிறேன் அக்கா. அடுத்த சனிக்கிழமை பத்துத் தோட்டா. எழுதுகிறேன்.